கையில் கட்டும் கருவியும் ஆக்கவுரிமையும்: எங்கே சறுக்குகிறோம்

முகமாலை வெயிலில் கண்ணிவெடி அகற்றுபவர்கள் மயங்கி விழுமுன், நாடித்துடிப்பையும் தோற்சூட்டையும் பார்த்து அதிர்ந்து எச்சரிக்கும் ஒரு கைப்பட்டி. கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இது எட்டாத வேலை இல்லை. ஈஎஸ்பி32 என்ற சிறு கணினிப் பலகை, மேக்ஸ்30102 ஒளி உணரி, வெப்ப உணரி, சின்ன லித்தியம் பற்றரி, அதிர்வு மோட்டர் இருந்தால் மாதிரி ஒன்று தயார். சறுக்குவது ஆக்கவுரிமையில்தான், அதாவது பேட்டன்டில்.

ஏற்கெனவே உள்ள ஆக்கவுரிமை ஆவணங்களைத் தேடும்போது தலைப்பையும் சுருக்கத்தையும் மட்டும் வாசித்துவிட்டு, "இதை ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள்" என்று திட்டத்தையே கைவிடுவதுதான் ஆகப் பெரிய பிழை. தலைப்பு எதையும் காப்பதில்லை. எல்லையை வரைவது உரிமைக் கோரல்கள், அதாவது எதற்கெல்லாம் உரிமை கேட்கிறார்கள் என்று சொல்லும் வாக்கியங்கள். அமெரிக்க, ஐரோப்பிய ஆவணங்களில் விளக்கத்துக்குப் பின்னால் இலக்கமிட்டு வரும். வேறொரு கோரலைச் சுட்டாமல் தனித்து நிற்பவற்றை முதலில் பிடித்து, ஒவ்வொன்றையும் தாளில் உறுப்பு உறுப்பாக உடைத்து எழுதுங்கள். உதாரணமாக ஒரு கோரல் இரு அலைநீளத்தில் ஒளிவிடும் எல்இடிகள், நான்கு ஒளி உணரிகள், தோலில் பதியும் குவிந்த மேற்பரப்பு, கம்பியின்றி அனுப்பும் பகுதி என நான்கைச் சொல்கிறது என்று வைப்போம். உங்கள் பட்டியில் ஒளி உணரி ஒன்றுதான் என்றால் அந்தக் கோரலின் சொற்களுக்குள் நீங்கள் அகப்படவில்லை. நான்கும் இருந்து, மேலதிகமாக ஒரு சூரியக் கலத்தையும் ஒட்டினால் தப்ப முடியாது: கூட்டினால் விலகாது, குறைத்தால்தான் விலகும். ஓர் உறுப்புக்குப் பதிலாக அதே வேலையை அதே விதமாகச் செய்யும் வேறொன்றை வைத்தால், அமெரிக்க நீதிமன்றங்கள் அதையும் சமமானதாகக் கொள்ளலாம். அங்கே விற்பதானால் சட்டத்தரணி ஒருவர் பார்த்தே ஆகவேண்டும்.

ஐரோப்பிய ஆக்கவுரிமை அலுவலகத்தின் தேடுதளமான எஸ்பேஸ்நெட்டில் தேடுவது இலவசம். வெறும் சொற்களை நம்பாமல் வகைப்பாட்டு இலக்கத்தையும் போடுங்கள்: அணியும் கணினிக்கு ஜி06எஃப் 1/163, மணிக்கட்டில் கட்டும் உடல் அளவீட்டுக் கருவிக்கு ஏ61பி 5/681. வருவதெல்லாம் வழங்கப்பட்ட உரிமை அல்ல. வெளியான விண்ணப்பத்தின் அகன்ற கோரல்கள் ஆக்கவுரிமை அலுவலகத்தின் பரிசோதனையில் சுருங்கும், சில நிராகரிக்கப்படும். விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு கடந்தவையும் கட்டணம் கட்டாமல் காலாவதியானவையும் அப்படியே தேடலில் கிடக்கும்.

அடுத்தது நாடு. மாசிமோ என்ற அமெரிக்க மருத்துவக் கருவி நிறுவனத்தின் ஆக்கவுரிமைகளால், இரத்த ஒட்சிசன் அளக்கும் அப்பிள் கடிகாரங்களை இறக்குமதி செய்வதற்கு 2023 டிசெம்பர் 26 முதல் அமெரிக்காவில் தடை வந்தது. 2024 ஜனவரியில் அந்த வசதியை முடக்கி அங்கே விற்றார்கள். மற்ற நாடுகளில் அது தொடர்ந்து இயங்கியது. உரிமை எங்கே பதிவோ அங்கேதான் கடிக்கும். கிளிநொச்சியில் செய்து வவுனியாவில் விற்பவருக்குப் பொருட்படுவது இலங்கையில் நடைமுறையிலுள்ள உரிமை. ஏற்றுமதி செய்தால் அந்த நாட்டு உரிமையும் சேரும்.

சொந்தமாக ஆக்கவுரிமை கிடைத்தால் கருவியைச் செய்து விற்கும் அனுமதி கிடைத்தது என்றும் பலர் எண்ணுகிறார்கள். அது பிறரைத் தடுக்கும் உரிமை மட்டுமே. அடிப்படை அளவீட்டு முறை இன்னொருவருடையதானால், உங்கள் மேம்பாட்டை விற்க அவருடைய உரிமம் வேண்டும்.

எதைக் கோருவது என்பதிலும் கவனம் வேண்டும். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், நோயறியும் முறைக்கு ஆக்கவுரிமை தராது. அம்முறையில் பயன்படும் கருவிக்குத் தரும். ஆகவே "மயக்கத்தை முன்கூட்டி அறியும் முறை" என்று எழுதாமல், உணரிகளையும் அவை இணையும் விதத்தையும் கருவியாக எழுதுங்கள். பட்டியின் தோற்றம் மட்டும் புதிதென்றால் கைத்தொழில் வடிவமைப்புப் பதிவே பொருத்தம்: 5 ஆண்டு, இருமுறை புதுப்பிக்கலாம்.

கண்காட்சியில் வைத்து, முகநூலில் காணொளி போட்டு, ஆய்வறிக்கையையும் இணையத்தில் ஏற்றிவிட்டுப் பிறகு விண்ணப்பிக்க ஓடுவது நெஞ்சு பதைக்கும் பிழை. நீங்களே வெளியிட்டதற்கு இலங்கைச் சட்டம் ஓராண்டு அவகாசம் தருகிறது, அமெரிக்காவும் தருகிறது. ஐரோப்பாவில் அப்படியான பொது அவகாசம் கிடையாது; அங்கே கதவு அன்றைக்கே மூடிவிடும். காட்டத்தான் வேண்டுமென்றால் இரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில் முதலில் கையொப்பம் வாங்குங்கள். கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் விண்ணப்பித்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் மற்ற நாடுகளில் முன்னுரிமை கோரலாம், அதாவது அந்த முதல் நாளையே அங்கும் கணக்கில் எடுக்கச் சொல்லலாம். அதே 12 மாதத்துக்குள் பிசிடி எனும் சர்வதேச ஆக்கவுரிமை ஒத்துழைப்பு ஒப்பந்த வழியைப் பிடித்தால், நாட்டுக்கு நாடு செலவழிக்கும் கட்டத்தை முதல் விண்ணப்பத்திலிருந்து பொதுவாக 30 மாதம்வரை தள்ளலாம்.