மார்மன் சபையிலிருந்து கத்தோலிக்கத் திருச்சபைக்கு வர விரும்புவோர் செய்ய வேண்டியவை

பெங்களூரில் தமிழ்த் திருப்பலி நடைபெறும் ஒரு பங்கில், வயது வந்தோருக்கான மறைக்கல்வி வகுப்பை நடத்தி வருகிறேன். இந்துக் குடும்பங்களிலிருந்தும் தென்னிந்தியத் திருச்சபையிலிருந்தும் வருவோரை வழிநடத்தும் முறை எங்கள் உபதேசியார்களுக்குத் தெரியும். ஆனால் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையிலிருந்து, அதாவது மார்மன் சபையிலிருந்து, யாரேனும் வந்தால் அவர்களை எங்கிருந்து தொடங்கச் சொல்வது என்று பலருக்குத் தயக்கம் ஏற்படுகிறது. அப்படி வர நினைப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில், நீங்கள் ஏன் வெளியேறுகிறீர்கள் என்பதையும், ஏன் இங்கு வருகிறீர்கள் என்பதையும் தனித்தனியே எழுதிப் பாருங்கள். இரண்டும் ஒன்றல்ல. பலர் வரலாற்றைப் படித்து மனம் உடைந்து வெளியேறுகிறார்கள். 1890 வரை சபை வெளிப்படையாக ஆதரித்த பலதார மணமும், கறுப்பின ஆண்களுக்கு 1978 வரை மறுக்கப்பட்ட குருத்துவமும் அவர்களை உறுத்துகின்றன. சபையின் நிறுவனர் ஜோசப் ஸ்மித், 1835-இல் கிடைத்த எகிப்தியப் பாப்பிரஸ் சுருள்களிலிருந்து ‘ஆபிரகாமின் நூல்’ என்னும் மார்மன் மறைநூலை மொழிபெயர்த்ததாகச் சொன்னார். நியூயார்க் அருங்காட்சியகம் ஒன்றிலிருந்து 1967-இல் சபையிடம் திரும்பிய துண்டுகளைப் படித்த அறிஞர்கள், அவை இறந்தோருக்கான சடங்கு நூல்கள் என்றார்கள். இவையெல்லாம் ஒரு சபையை விட்டு விலகப் போதுமான காரணங்களாக இருக்கலாம். ஆனால் இன்னொரு திருச்சபையில் நிலைத்து நிற்க இவை போதா. ஏமாற்றத்தை மட்டும் சுமந்து வருபவர், எங்கள் வரலாற்றில் உள்ள பாவங்களைப் படிக்கும் நாளில் இங்கிருந்தும் போய்விடுவார்.

எனவே நடுவில் இருக்கும் கேள்வியை நேராக எதிர்கொள்ளுங்கள். திருத்தூதர்களுக்குப் பின் திருச்சபை அதிகாரம் இழந்து அழிந்துபோனது என்றும், 1830-இல் நியூயார்க் மாநிலத்தில் அது மீண்டும் நிறுவப்பட்டது என்றும் மார்மன் சபை கற்பிக்கிறது. இது உண்மையா என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. மத்தேயு 16:18-இல் பாதாளத்தின் வாயில்கள் திருச்சபையின்மேல் வெற்றி கொள்ளா என்று ஆண்டவர் சொன்னதை வாசியுங்கள். பிறகு இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மறைச்சாட்சியாக இறக்க ரோமைக்குக் கொண்டுசெல்லப்பட்ட வழியில் அந்தியோக்கியாவின் ஆயர் இஞ்ஞாசியார் எழுதிய கடிதங்களை வாசியுங்கள். ஆயர், குருக்கள், திருத்தொண்டர் ஆகியோரைப் பற்றியும், நற்கருணை இயேசுவின் உடலே என்பதைப் பற்றியும் அவர் பேசுகிறார். அடுத்து, அந்த நூற்றாண்டின் நடுவில் மறைச்சாட்சி யுஸ்தினார் விவரிக்கும் ஞாயிறு வழிபாட்டை, நம் பங்கில் நீங்கள் பார்க்கும் திருப்பலியோடு ஒப்பிடுங்கள். அழிந்துபோனதாகச் சொல்லப்படும் காலத்தில் அங்கே ஒரு திருச்சபை உயிரோடு இருந்ததைக் காண்பீர்கள். சாந்தோமில் திருத்தூதர் தோமையாரின் கல்லறையில் மண்டியிட்டு வளர்ந்த தமிழருக்கு இந்தக் கேள்வி தொலைவில் உள்ள ஒன்றல்ல. என் வகுப்புக்கு வந்தவர்களை இழுத்துவந்தது பெரும்பாலும் இதுவும், அப்பமும் தண்ணீரும் கொண்ட நினைவுச் சடங்குக்கு மாறாக ஆண்டவரின் உண்மையான உடலும் இரத்தமுமான நற்கருணையின் மீதான பசியுமே.

சொற்கள் ஒன்றாக இருந்தாலும் பொருள் வேறு என்பதில் கவனமாக இருங்கள். தந்தைக்கு எலும்பும் சதையும் உள்ள உடல் உண்டு என்றும், தந்தையும் மகனும் தூய ஆவியாரும் தனித்தனி ஆள்கள் மட்டுமல்ல, தனித்தனிக் கடவுளர் என்றும் நீங்கள் கற்றிருப்பீர்கள். கத்தோலிக்க நம்பிக்கையில் கடவுள் ஒருவரே. அவர் மூன்று ஆள்களாய் இருக்கிறார். இந்த வேறுபாட்டின் காரணமாகவே, 2001 ஜூன் 5 அன்று வத்திக்கானின் நம்பிக்கைக் கோட்பாட்டுப் பேராயம் மார்மன் திருமுழுக்கு செல்லாது என்று தீர்ப்பளித்தது.

இதனால் வரும் விளைவு பெரியது. தென்னிந்தியத் திருச்சபையினர் நம்பிக்கை அறிக்கையிட்டு ஏற்றுக்கொள்ளப்படுவர். நீங்களோ திருமுழுக்குப் பெறாதவராகவே கருதப்பட்டு, ஆயத்தக் காலம் முழுவதையும் கடந்து, பொதுவாகப் பாஸ்கா திருவிழிப்பில் (உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய இரவு வழிபாட்டில்) திருமுழுக்கு, உறுதிப்பூசுதல், நற்கருணை மூன்றையும் ஒரே இரவில் பெறுவீர்கள். திருமுழுக்கே எல்லாப் பாவங்களையும் கழுவிவிடுவதால், அதற்கு முன் ஒப்புரவு அருட்சாதனம் (பாவ அறிக்கை) தேவையில்லை. எட்டு வயதில் பெற்ற சடங்கு வீணா என்று கண் கலங்கியவர்களைக் கண்டிருக்கிறேன். அன்று நீங்கள் ஆண்டவருக்குக் காட்டிய அன்பு வீணாகவில்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

வீட்டுக்கு அருகில் உள்ள பங்குத்தந்தையை நேரில் சந்தித்து, உங்கள் பின்னணியை மறைக்காமல் சொல்லுங்கள். தமிழில் கற்க விரும்பினால் சிவாஜிநகர் தூய மரியன்னை பேராலயம் போன்ற, தமிழ்த் திருப்பலி உள்ள இடங்களில் விசாரிக்கலாம். உறுதிப்பூசுதல் பெற்ற, 16 வயது நிறைந்த கத்தோலிக்கர் ஒருவர் ஞானப்பெற்றோராக வேண்டும். முன்பு மணமுறிவு ஏற்பட்டிருந்தாலோ, துணைவர் மார்மன் சபையிலேயே தொடர்வதாக இருந்தாலோ அதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள், ஏனெனில் திருமண விசாரணை நீண்ட காலம் பிடிக்கலாம். மதம் மாறுவது பற்றிக் கர்நாடகம் 2022-இல் ஒரு சட்டம் இயற்றியது. அதன் இன்றைய நிலையை வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய சபையின் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கக் கோரும் கடிதத்தைச் சுருக்கமாகவும் கசப்பில்லாமலும் எழுதுங்கள்.

மார்மன் சபை விலக்கச் சொன்ன காப்பியும் தேநீரும் இனி பாவமல்ல. ஆனால் குடித்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. மாதந்தோறும் நோன்பிருந்த பழக்கத்தையும், திங்கள் மாலையில் குடும்பமாகக் கூடிய பழக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். அந்த மாலையிலேயே செபமாலை சொல்லத் தொடங்கலாம்.

பெற்றோரிடம் நீங்களே சொல்லுங்கள், பிறர் வாயால் அவர்கள் கேட்க வேண்டாம். மார்மன் ஆலயத்தில் நடக்கும் திருமணத்தின்போது அனுமதிச் சீட்டு இல்லாத உறவினர் வெளியே காத்திருக்க நேரும். பாஸ்கா இரவுக்கு அப்படி எந்தத் தடையும் இல்லை. அழையுங்கள். வழிபாடு நீளமானது என்பதையும், நற்கருணை வாங்க அவர்கள் எழ வேண்டியதில்லை என்பதையும் முன்பே சொல்லி, உங்களுக்குப் பின்வரிசையில் அவர்களுக்கு இடம் பிடித்து வையுங்கள்.