ரோட்டர்டாம் தெற்கில் வாடகை வீடு: சாவி கைக்கு வரும் முன்

நெதர்லாந்தில் ஆம்ஸ்டர்டாம், உத்ரெக்ட் வாடகையைக் கேட்டு மலைத்துப்போனவர்கள் அடுத்துத் தேடும் ஊர் ரோட்டர்டாம். அதிலும் மாஸ் ஆற்றுக்குத் தென்கரை. டார்வெவைக், கார்னிஸ்ஸெ, ஹில்லெஸ்லௌஸ், ப்ளூம்ஹோஃப், பழைய ஷார்லோஸ் எல்லாம் அங்கேதான். ஷார்லோஸ் என்பதன் எழுத்தைப் பார்த்து 'ஷார்லுவா' என்று பிரெஞ்சுபோலச் சொல்லிவிட வேண்டாம். ஊருக்குப் புதிது என்று தரகருக்கு உடனே தெரிந்துவிடும். மாஸ்ஹாவன் அல்லது ஸௌட்ப்ளைன் நிலையத்தில் டி, ஈ மெட்ரோ ஏறினால் மாறாமலே மத்திய ரயில் நிலையம் போய்ச் சேரலாம். புதன், சனி இரண்டு நாளும் ஆப்பிரிக்காண்டர்ப்ளைனில் சந்தை கூடும். வெண்டைக்காய்க்கும் பச்சை மிளகாய்க்கும் அலைய வேண்டியதில்லை.

வாடகை குறைவு என்பது சரி. ஆனால் 'ஆம்ஸ்டர்டாமைவிடக் குறைவு' என்பதும் 'அந்த வீட்டுக்குச் சட்டப்படி வாங்கக்கூடிய வாடகை' என்பதும் ஒன்றல்ல. இந்தப் பகுதியில் ஏமாறுபவர்களில் பெரும்பாலோர் சமையலறையையும் ஜன்னல் வெளிச்சத்தையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவர்கள். முதலில் பார்க்க வேண்டியவை மூன்று: அந்தத் தெருவில் குடியேற உங்களுக்கு அனுமதி கிடைக்குமா, வாடகை வரம்பைத் தீர்மானிக்கும் புள்ளி அந்த வீட்டுக்கு எத்தனை, அந்த முகவரியில் நகராட்சிப் பதிவு செய்ய முடியுமா.

அனுமதி தேவைப்படும் தெருக்கள்

நெதர்லாந்தின் மற்ற ஊர்களில் வீடு தேடியவர்களுக்கு இது புதிதாக இருக்கும். 2006-இல் வந்த ஒரு சட்டத்தை மக்கள் 'ரோட்டர்டாம் சட்டம்' என்றே சொல்வார்கள். அதன்படி தெற்கின் சில வட்டாரங்களிலும் தெருக்களிலும் குறிப்பிட்ட வாடகைக்குக் கீழுள்ள வீட்டில் குடியேற 'ஹௌஸ்வெஸ்டிங்ஸ்ஃபெர்ஹுன்னிங்' எனும் குடியிருப்பு அனுமதி வேண்டும். ரோட்டர்டாம் வட்டாரத்தில் ஆறு ஆண்டு வசித்திராதவர் வேலை, ஓய்வூதியம், அரசு மாணவர் நிதி போன்ற ஒன்றிலிருந்து வருமானம் வருவதைக் காட்ட வேண்டும். டார்வெவைக்கில் இந்த விதியால் வீடு மறுக்கப்பட்ட ஒரு பெண் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார். 2017-இல் அதன் பெரிய அமர்வு நகரத்தின் பக்கமே தீர்ப்புச் சொன்னது. ஆகவே 'இதெல்லாம் செல்லாது' என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம்.

தெருக்களின் பட்டியல் அவ்வப்போது மாறும். வட்டாரப் பெயரை வைத்து முடிவு செய்யாமல், அஞ்சல் குறியீட்டையும் வீட்டு எண்ணையும் கொடுத்து நகராட்சியிடம் கேளுங்கள். வழக்கமாக நடக்கும் தவறு வரிசையில்தான்: முதலில் ஒப்பந்தம், பிறகு முன்பணம், கடைசியில் அனுமதி விண்ணப்பம். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் ஒப்பந்தம் கழுத்தில் தொங்கும், வீட்டிலும் இருக்க முடியாது, அனுமதியின்றிக் குடியேறினால் அபராதமும் வரும். 'குடியிருப்பு அனுமதி கிடைத்தால் மட்டுமே இந்த ஒப்பந்தம் செல்லும்' என்று ஒரு வரியை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். அதற்குத் தயங்கும் வீட்டுக்காரர் எதையோ மறைக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

புள்ளிக் கணக்கு

டச்சு வாடகைக்கு அடிப்படை புள்ளி முறை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள மலிவு வாடகைச் சட்டம் அதை நடுத்தர வாடகை வீடுகளுக்கும் கட்டாயமாக்கியது. 2025-ஆம் ஆண்டுக் கணக்கில் சொந்த வாசல், சமையலறை, கழிவறை உள்ள வீட்டுக்கு 143 புள்ளி வரை உச்ச வரம்பு 900.07 யூரோ. 144 முதல் 186 வரை போனால் 1,184.82 யூரோ. 187 அல்லது அதற்கு மேல் போனால்தான் வீட்டுக்காரர் இஷ்டப்பட்ட வாடகை சொல்லலாம். தொகைகள் ஒவ்வொரு ஜனவரியும் மாறும். இவையெல்லாம் 'காலெ ஹ்யூர்', அதாவது வெறும் வாடகை. சர்வீஸ் கட்டணம், மின்சாரம், எரிவாயு சேராதது.

தெற்கில் சாதாரணமாகக் கிடைக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். 1930-களில் கட்டியது, இரண்டாம் மாடி, பால்கனி கிடையாது. அறைகள் 48 சதுர மீட்டர்: சதுர மீட்டருக்கு 1 வீதம் 48 புள்ளி. பொருள் வைக்கும் இடம் 4 சதுர மீட்டர்: 0.75 வீதம் 3 புள்ளி. ஹீட்டர் உள்ள நான்கு அறைக்குத் தலா 2, மொத்தம் 8. ஒரு மீட்டருக்கு மேல், இரண்டு மீட்டருக்குள் நீளமுள்ள சமையல் மேடைக்கு 4. தனிக் கழிவறைக்கு 3, கை கழுவும் தொட்டிக்கு 1, ஷவருக்கு 4. இதுவரை 71. எரிசக்தி லேபிள் எஃப் என்பதால் 9 கழியும். வெளியே சொந்த இடமே இல்லாததற்கு 5 கழியும். மிச்சம் 57. நகராட்சி மதிப்பீடு, அதாவது வோஸ் மதிப்பு, 2 லட்சம் யூரோ என்று வைத்தால் அதற்கு ஏறத்தாழ 30 புள்ளி. ஆக மொத்தம் 87 அளவில்தான் நிற்கும். இப்படிப்பட்ட வீட்டை 1,250 யூரோவுக்கு விளம்பரம் செய்தால், 'ஆம்ஸ்டர்டாமில் இதற்கு 1,900 கேட்பார்கள்' என்ற பேச்சு எதற்கும் உதவாது. சட்டப்படியான வாடகை 900-க்கும் நன்றாகக் கீழே.

இதைக் கணக்கிட வீட்டுக்குள் போகவே வேண்டாம். வோஸ் மதிப்பை வோஸ்லோகெட் தளத்திலும், லேபிளை ஈபி-ஆன்லைன் தளத்திலும் முகவரி கொடுத்து இலவசமாகப் பார்க்கலாம். ஹ்யூர்கொமிஸ்ஸி எனும் வாடகை ஆணையத்தின் தளத்தில் உள்ள கணக்குப் படிவத்தில் எண்களைப் போட்டால் உச்ச வாடகை வந்துவிடும். 2025 ஜனவரி 1 முதல் போடும் ஒப்பந்தங்களோடு வீட்டுக்காரரே புள்ளிக் கணக்கை இணைத்துத் தர வேண்டும். தராவிட்டால் கேளுங்கள். தந்தால் மூன்று இடங்களைச் சரிபாருங்கள்: பரப்பளவு, லேபிள், ஹீட்டர் உள்ள அறைகளின் எண்ணிக்கை. கூட்டிக் காட்டுவது பெரும்பாலும் இந்த இடங்களில்தான்.

வாடகை கூடுதல் என்று தெரிந்தும் வேறு வழியின்றிக் குடிபோக நேர்ந்தால்? குடியேறிய ஆறு மாதத்துக்குள் ஆணையத்திடம் தொடக்க வாடகையைச் சரிபார்க்கக் கேளுங்கள். குடியிருப்பவருக்குக் கட்டணம் 25 யூரோ. உங்கள் பக்கம் முடிவானால் அதுவும் திரும்பி வரும். புகார் செய்ததற்காக வீட்டைக் காலி செய்யச் சொல்ல முடியாது. எல்லாம் சேர்த்து ஒரே தொகையாக 'ஆல்-இன்' வாடகை எழுதியிருந்தால் இன்னும் எளிது: வெறும் வாடகையை மொத்தத்தில் 55 சதவீதமாகவும், மற்ற செலவுக்கான முன்தொகையை 25 சதவீதமாகவும் ஆணையம் பிரித்துவிடும். அதனால்தான் விவரம் தெரிந்த வீட்டுக்காரர்கள் ஆல்-இன் ஒப்பந்தமே போடுவதில்லை.

எங்கே தேடுவது

சமூக வீட்டுவசதிக் கழகங்களின் வீடுகள் வோன்நெட் ரைன்மொண்ட் தளத்தில் வரும். இப்போது வீடு தேவைப்படாவிட்டாலும் ஊருக்கு வந்த உடனே அதில் பதிந்துவிடுங்கள். காத்திருந்த காலம்தான் அங்கே மூலதனம், அது ஆண்டுக் கணக்கில் போகும். 2025-இல் இதற்கான ஆண்டு வருமான வரம்பு தனியாளுக்கு 49,669 யூரோ, ஒருவருக்கு மேற்பட்ட குடும்பத்துக்கு 54,847.

தனியார் வீடுகளுக்குப் பராரியஸ், ஃபுண்டா. அறை மட்டும் வேண்டுமென்றால் காமர்நெட். விளம்பரம் காலையில் வந்தால் மாலைக்குள் பார்வை நேரம் நிரம்பிவிடும். ஆகவே காகிதங்களை முன்பே ஒரே பிடிஎஃப் கோப்பாகச் சேர்த்து வையுங்கள்: வேலை ஒப்பந்தம், முதலாளி தரும் சான்று, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, முந்தைய வீட்டுக்காரரின் சான்று. மாத வாடகையைப் போல் மூன்று மடங்கு மொத்தச் சம்பளம் பலரும் எதிர்பார்ப்பது. பாஸ்போர்ட் நகலை அப்படியே அனுப்ப வேண்டாம். அரசின் கோப்பி-ஐடி செயலியில் பி.எஸ்.என். எனும் குடிமக்கள் சேவை எண்ணை மறைத்து, யாருக்கு, எதற்காக, எந்தத் தேதியில் என்று குறுக்கே எழுதி அனுப்புங்கள்.

வீட்டைப் பார்க்கும் முன் பணம் கேட்பவர், வெளிநாட்டில் இருப்பதாகச் சொல்லிச் சாவியைக் கூரியரில் அனுப்புவதாகச் சொல்பவர், இருவரும் மோசடிக்காரர்களே. சந்தேகம் இருந்தால் காடாஸ்டர் எனும் நிலப் பதிவேட்டில் சில யூரோ கட்டி உரிமையாளர் பெயரைப் பார்க்கலாம். 'பதிவு செய்ய முடியாது' என்று விளம்பரத்தில் இருந்தால் எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். பதிவு இல்லையென்றால் வாடகை உதவித்தொகை இல்லை, வரி, காப்பீட்டுக் கடிதம் எதுவும் சரியான இடத்துக்கு வராது.

இன்னொரு பொறி, நம்ப முடியாத மலிவு. தெற்கில் பல பழைய கட்டட வரிசைகள் இடிப்புக்கோ பெரிய புதுப்பிப்புக்கோ காத்திருக்கின்றன. அவற்றைக் காலிவீட்டுச் சட்டத்தின் கீழ் தற்காலிகமாக வாடகைக்கு விடுவார்கள். மூன்று மாத அறிவிப்பில் வெளியேற வேண்டியிருக்கும். 'ஆன்ட்டிக்ராக்' என்றால் அது வாடகையே அல்ல, காவலுக்கு இருக்க இடம் கொடுப்பது. வாடகைதாரருக்குரிய பாதுகாப்பு இராது. தனியாளாக ஓராண்டு ஓட்ட வந்தவருக்குப் பரவாயில்லை. பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தவர்கள் இந்தப் பக்கமே போக வேண்டாம்.

பார்க்கப் போகும்போது

'கால்' என்று விளம்பரத்தில் இருந்தால் உண்மையிலேயே வெறும் வீடு: தரை விரிப்பு இல்லை, விளக்கு இல்லை, திரை இல்லை, கான்கிரீட் அல்லது பலகை மட்டும். 'ஹெஸ்டோஃபேர்ட்' என்றால் தரையும் திரையும் உண்டு. 'ஹெமூபிலேர்ட்' என்றால் சாமான்களும் உண்டு. வெறும் வீட்டுக்கு லாமினேட் போடுவதானால் பரப்பளவைவிடப் பத்து சதவீதம் கூடுதலாக வாங்குங்கள். அடியில் ஒலி தடுக்கும் விரிப்புக்கு என்ன தரம் கேட்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள். பல கட்டடங்களில் 10 டெசிபல் விதி உண்டு. அதைக் கவனிக்காமல் போட்ட தரையைக் கீழ்வீட்டுக்காரர் புகாரால் பெயர்த்தெடுக்க வேண்டிவரும்.

வெளிச்சுவரின் மூலையில், ஜன்னலுக்குக் கீழே ஒரு கை அகலத்துக்கு மட்டும் புதுப் பெயிண்ட் பளிச்சென்று இருந்தால், அதன் பின்னால் பூஞ்சை இருக்கிறது என்று வையுங்கள். உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். ஈரமான சுவர் சுற்றியுள்ள இடத்தைவிடச் சில்லென்று இருக்கும். ஒற்றைக் கண்ணாடி ஜன்னலும் மூடிய காற்றுத் துளையும் சேர்ந்தால் குளிர்காலத்தில் கண்ணாடியில் தண்ணீர் வழியும். 'துணியை உள்ளே காயப்போடாதீர்கள்' என்று வீட்டுக்காரர் உங்கள் மேலேயே திருப்புவார்.

வெந்நீர்க் குழாயை ஒரு நிமிடம் திறந்து விடுங்கள். சமையலறையில் பழைய 'ஹைஸர்' எரிவாயுக் கொதிகலன் இருந்தால் புகை வெளியே போகும் குழாய் உண்டா என்று பாருங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைச் சொந்தச் செலவிலேனும் மாட்டிவிடுங்கள். இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். படிக்கட்டு செங்குத்தாக இருக்கும். சோபா, பிரிட்ஜ் படியேறாது. முன் ஜன்னலின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள், சாமான் தூக்கும் ஏணி லிஃப்டை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து அந்த வழியாகத்தான் ஏற்றுவார்கள்.

ஒப்பந்தமும் பணமும்

2024 ஜூலை முதல் காலவரையற்ற ஒப்பந்தமே விதி; மாணவர் போன்ற சில பிரிவினருக்கு மட்டும் விலக்கு. 'ஓராண்டு' என்ற சொல் கண்ணில் பட்டால் அது ஓராண்டில் முடிகிறதா, அல்லது ஓராண்டுக்குள் நீங்கள் காலி செய்யக் கூடாது என்கிறதா என்று படியுங்கள். முதலாவது பெரும்பாலும் செல்லாது. இரண்டாவது உங்களைக் கட்டிப்போடும். அதன் பிறகு நீங்கள் வெளியேற ஒரு மாத அறிவிப்பு போதும்.

போர்ஹ் எனப்படும் அட்வான்ஸ், வெறும் வாடகையில் இரண்டு மாதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. வீட்டுக்காரருக்காக வேலை செய்யும் தரகர் உங்களிடம் கமிஷன் வாங்குவது சட்டவிரோதம். 'நிர்வாகக் கட்டணம்', 'ஒப்பந்தக் கட்டணம்' என்று வேறு பெயரில் வந்தாலும் அதே கதைதான். போகும்போது பிடித்தம் எதுவும் இல்லையென்றால் 14 நாளில் அட்வான்ஸ் திரும்ப வேண்டும், பிடித்தம் இருந்தால் கணக்கோடு 30 நாளில். ரொக்கமாகக் கொடுக்கவே வேண்டாம். வங்கி வழியாக, குறிப்பில் முகவரியோடு அனுப்புங்கள்.

சாவி வாங்கும் நாள் வீட்டுக்காரரோடு அறை அறையாக நடந்து குறையை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். தேதி தெரியும் படங்களை அன்றே அவருக்கு மின்னஞ்சல் செய்துவிடுங்கள். மின், எரிவாயு, தண்ணீர் மீட்டர் எண்களையும் படமெடுங்கள். முந்தையவரின் பாக்கி உங்கள் தலையில் விழுவது இந்த ஒரு படம் இல்லாததால்தான். தண்ணீருக்கு எவிடெஸ் நிறுவனம். மின்சாரம், எரிவாயுவுக்கு நிறுவனத்தை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். மையச் சூடாக்கும் குழாய் வரும் கட்டடத்தில் அந்த வெப்பத்துக்கு மட்டும் தேர்வு கிடையாது. முகவரி மாற்றத்தை நகராட்சியில் குடிபோவதற்கு நான்கு வாரம் முன்பிருந்து, குடிபோன ஐந்து நாளுக்குள் பதியலாம். பதிவு முடிந்ததும் வாடகை உதவித்தொகைக்குத் தகுதி உண்டா என்று டூஸ்லாஹன் எனும் அரசு உதவித்தொகைத் தளத்தில் ஒரு முறை கணக்குப் போட்டுப் பாருங்கள். சொந்த வாசல், சொந்தச் சமையலறை, சொந்தக் கழிவறை உள்ள வீட்டுக்குத்தான் பொதுவாக அது கிடைக்கும். குப்பை வரிக்கும் நீர் வாரிய வரிக்கும் ரசீது மெதுவாகத்தான் வரும். அதற்கும் ஒரு தொகை ஒதுக்கி வையுங்கள்.