கிளிசரால் தசை இழையைச் சுருக்குவதும் தளர்த்துவதும்

50 சதவீதக் கிளிசராலில் மைனஸ் 20 டிகிரியில் வாரக்கணக்கில் ஊறிய முயலின் சோவாஸ் தசையில் (இடுப்பை ஒட்டிய நீண்ட தசை) செல் சவ்வு வேலை செய்யாது, தசைக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏ.டி.பி.யும் வெளியேறியிருக்கும். தசையைச் சுருக்கும் மயோசின், ஆக்டின் புரத இழைகள், அவற்றோடு ஒட்டிய கட்டுப்பாட்டுப் புரதங்களுடன், வரிசை கலையாமல் மிஞ்சும். 1949-ல் ஹங்கேரிய உயிர்வேதியியலாளர் ஆல்பர்ட் சென்ட்-ஜார்ஜி காட்டிய வழி இது.

பாதி வேலை பிரித்தெடுப்பதில்தான். 2 செ.மீ. துண்டை ஒரு சொட்டுக் கிளிசராலில் வைத்து, இரண்டு ஊசிகளால் நீளவாக்கில் பிரித்துக்கொண்டே போங்கள். 0.2 மி.மீ.க்கு மேல் தடித்தது ஆகாது. நடுப்பகுதிக்கு ஏ.டி.பி. போய்ச் சேருவதற்குள் வெளிப்புறம் சுருங்கி, இழை சுருண்டுகொள்ளும். பிறகு எதை அளப்பது?

மூன்று ஸ்லைடுகளில் இழைகளை நேராகக் கிடத்தி, அடியில் ஸ்கேல் வைத்து நீளத்தைக் குறியுங்கள். மிகுந்த கிளிசராலை வடிதாளால் ஒற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் கரைசல் நீர்த்துப்போகும். ஒன்றில் உப்புக் கரைசல் மட்டும்: 0.05 மோலார் பொட்டாசியம் குளோரைடு, 0.001 மோலார் மெக்னீசியம் குளோரைடு. அடுத்ததில் 0.25 சதவீத ஏ.டி.பி. மட்டும். மூன்றாவதில் இரண்டும் சேர்ந்தது. 45 விநாடி கழித்து அளந்தால், முதலாவது அசைந்திருக்காது. மூன்றாவது நன்றாகச் சுருங்கியிருக்கும். இரண்டாவதும் சற்றுச் சுருங்கினால், இழையில் தங்கிய மெக்னீசியம் காரணமாக இருக்கலாம். எதுவுமே அசையாவிட்டால் முதல் சந்தேகம் ஏ.டி.பி. மேல்: அன்றன்று கரைத்து, ஐஸில் வைக்க வேண்டும்.

கால்சியம் ஊற்றவே இல்லையே என்று கேட்பார்கள். நீரிலும் கண்ணாடியிலும் ஒட்டியிருக்கும் மைக்ரோமோலார் அளவுக் கால்சியமே, அது ஒட்டினால் சுருக்கத்தை அனுமதிக்கும் ட்ரோபோனின் புரதத்துக்குப் போதும்.

தளர்வுக்குப் புதிய இழை எடுங்கள். கரைசல்: பொட்டாசியம் குளோரைடு 100, பி.எச்.சை நிலையாக வைக்கும் இமிடசோல் 20, மெக்னீசியம் குளோரைடு, ஏ.டி.பி., கால்சியத்தைப் பிடித்துவைக்கும் இ.ஜி.டி.ஏ. தலா 5 மில்லிமோலார். இ.ஜி.டி.ஏ.வும் ஏ.டி.பி.யும் அமிலத்தன்மை தரும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டுச் சொட்டாக விட்டு பி.எச். 7-க்குக் கொண்டுவாருங்கள். இதில் இழையின் நுனியை ஊசியால் மெல்ல இழுத்தால் நீண்டு கொடுக்கும். உப்புக் கரைசலில் கிடப்பதை அதேபோல் இழுத்துப் பாருங்கள்: விறைத்து நிற்கும், அழுத்தி இழுத்தால் அறும். ஏ.டி.பி. வந்து ஒட்டினால்தான் மயோசின் தலை ஆக்டினை விடும்; பிண விறைப்பும் இதனால்தான். விட்ட தலை திரும்பப் பிடிக்காமல் இருக்க, இ.ஜி.டி.ஏ. கால்சியத்தைக் கவ்விக்கொள்ள, ஆக்டின் மேல் படிந்திருக்கும் ட்ரோபோமயோசின் புரதம் அதன் பிடிமானத்தை மூடிவிடுகிறது.

ஏற்கெனவே சுருங்கிய இழையை இதில் போட்டு, தானாக நீளும் என்று காத்திருக்காதீர்கள். இழுத்துவிட ஆள் வேண்டும். உடம்பில் அதை எதிர்த் தசை செய்கிறது.