குதிரை பூட்டி முதல் சால்: வசந்த உழவுக்குப் புதியவர்களுக்கு

கொங்கு நாட்டில் அப்பாவுக்குப் பின்னால் ஏர் பிடித்துப் பழகியவன் நான். அந்தத் தைரியத்தில்தான் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம், ஹோம்ஸ் மாவட்டத்தில் பக்கத்துப் பண்ணை ஆமிஷ் (பழைய முறையில் வாழும் கிறிஸ்தவப் பிரிவு) பெரியவரிடம் போய், “ஒரு சால் நான் ஓட்டிப் பார்க்கட்டுமா?” என்று கேட்டேன். இருபதடி போவதற்குள் கொழு (மண்ணைக் கீறும் இரும்பு முனை) ஒரு கல்லில் இடித்து, மேழி (கைப்பிடி) எகிறி என் விலாவில் குத்தியது. பெரியவர் குதிரைகளை நிறுத்திவிட்டுச் சிரித்தார். “நீ உழவில்லை, கலப்பையோடு மல்லுக்கட்டுகிறாய்” என்றார்.

அன்றைக்குப் புரிந்ததுதான் இந்தப் பதிவு. குதிரை உழவில் கைக்கு வேலை குறைவு. மண் பதம், காலர் (குதிரையின் கழுத்தில் மாட்டும் வளையம்), பூட்டு (இழுவைச் சங்கிலியைக் கலப்பையில் மாட்டும் இடம்) மூன்றையும் சரியாகச் செய்துவிட்டால் கலப்பை தன் பாட்டுக்குப் போகும். சரியாகச் செய்யாவிட்டால் எவ்வளவு பலமுள்ள ஆளாலும் அதைச் சாலில், அதாவது உழும் கோட்டில், நிறுத்த முடியாது.

முதலில் மண்ணைப் பாருங்கள்

இங்கே குளிர்காலம் முழுக்க நிலம் உறைந்து கிடக்கும். மார்ச் கடைசியில் உறைவு இளகியதும் எல்லோருக்கும் கை அரிக்கும், ஓட்ஸ் விதைக்க வேண்டுமே! ஆனால் மேல்மண் காய்ந்த மாதிரி தெரிந்தாலும் அடியில் சேறாக இருக்கும். நீங்கள் உழப்போகும் ஆழத்திலிருந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து உருண்டை பிடியுங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் பொலபொலவென்று உதிர வேண்டும். கொழுக்கட்டை மாவு மாதிரி விரல் பதிந்து அப்படியே நின்றால் வீட்டுக்குப் போய்விடுங்கள். களிமண்ணை ஈரத்தில் உழுதால் புரண்ட மண் பளபளவென்று மெழுகிய மாதிரி விழும். வெயில் பட்டதும் அது செங்கல். அந்த வருடம் முழுக்க கட்டி உடைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

குதிரை மாடு அல்ல

மாட்டுக்கு நுகத்தடியைத் திமிலுக்கு முன்னால் கழுத்தில் வைத்தால் போதும். குதிரைக்குத் திமில் கிடையாது. அது தோளால் தள்ளுகிற பிராணி. அதனால்தான் வைக்கோல் அடைத்த தோல் காலர். பழைய காலத்து ஐரோப்பாவில் கழுத்தைச் சுற்றி வார் கட்டி இழுக்க விட்டபோது, பாரம் கூடக் கூட மூச்சுக்குழல் நெரிந்தது என்று சொல்வார்கள். இந்தக் காலர் இடைக்காலத்தில் பரவிய பிறகே அங்கே குதிரை பரவலாக ஏருக்கு வந்தது.

ஆகவே அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் காலர்தான். குதிரை நேராகத் தலையை வைத்து நிற்கும்போது, காலரின் அடிப்பகுதிக்கும் கழுத்துக்கும் நடுவே உங்கள் நான்கு விரல்களும் தட்டையாக நுழைய வேண்டும். அதற்கு மேல் இடைவெளி இருந்தால் காலர் ஆடி, தோலை உரசிப் புண்ணாக்கும். நுழையவே இல்லையென்றால் மூச்சைப் பிடிக்கும். போன வருடம் சரியாக இருந்த காலர் இந்த வருடமும் சரியாக இருக்கும் என்று நம்பாதீர்கள். குளிர்காலத்தில் கொழுத்த குதிரை, உழவு தொடங்கி இரண்டு வாரத்தில் இளைக்கும். காலருக்குள் ஒரு மெத்தை வைக்க வேண்டி வரலாம்.

காலரைப் போடும் முன் தோளில் கையால் தடவிப் பாருங்கள். வசந்தத்தில் முடி கொட்டும் பருவம் வேறு. ஒரு சிறு மண் பொருக்கு, முடிச்சு விழுந்த பிடரி மயிர் போதும், மதியத்துக்குள் தோல் வழண்டுவிடும்.

காலரின் மேல் இரண்டு பக்கமும் வளைந்த கட்டைகள் இறுக்கப்படும். அவற்றிலிருந்து இழுவைச் சங்கிலிகள் பின்னால் வந்து, குதிரைக்கு ஒன்றாக ஒரு சிறு குறுக்குக்கட்டையில் மாட்டும். இரண்டு சிறு கட்டைகளும் ஒரு பெரிய குறுக்குக்கட்டையின் இரு நுனியில் தொங்கும். பெரிய கட்டையின் நடுத்துளை கலப்பையோடு சேரும். ஒரு குதிரை சோம்பினால் அதன் பக்கம் கட்டை பின்தங்கும், உடனே தெரிந்துவிடும். நம் ஊர் நுகத்தடியும் இதே வேலையைத்தான் செய்கிறது. அதில் வலத்து மாடு ஏமாற்றினால் அப்பா குரலே சொல்லும்.

எத்தனை குதிரை?

நாள் முழுக்க இழுக்க, ஒரு குதிரையிடம் அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு விசையைத்தான் எதிர்பார்க்கலாம். பெர்ஷரான், பெல்ஜியன் போன்ற கனத்த இனங்கள் 800, 900 கிலோ இருக்கும். ஜோடிக்கு ஏறக்குறைய 170 கிலோ இழுவை. ஒரு அடி அகலம், அரை அடி ஆழம் சாலெடுக்கும் வளைபலகைக் கலப்பை (மண்ணைப் புரட்டிப்போடும் வளைந்த பலகை உள்ளது), நடுத்தர வண்டல் மண்ணில் கிட்டத்தட்ட அவ்வளவையும் தின்றுவிடும். களிமண் என்றால் இன்னும் கூடும். மூன்றாவது குதிரை சேருங்கள், அல்லது ஆழத்தைக் குறையுங்கள். அகல உழுவதை ஆழ உழு என்பது நம் பழமொழி. ஆனால் முதல் வாரத்தில் அதை ஓரமாக வையுங்கள்.

குளிர்காலமெல்லாம் சும்மா நின்ற குதிரையை முதல் நாளே ஏரில் பூட்டுவது பாவம். இரண்டு வாரத்துக்கு முன்பே லேசான வண்டி, மரக்கட்டை இழுப்பு என்று பழக்குங்கள். உழவின் முதல் நாள் இரண்டு மணி நேரம் போதும். இன்னொன்று, ஓய்வு நாளில் தானியத்தைக் குறைத்துவிடுங்கள். ஞாயிறு முழுக்க ஓட்ஸ் தின்று நின்ற குதிரையைத் திங்கள் காலை கடுமையாக வேலை வாங்கினால், பின்தொடைத் தசைகள் கல்லாக இறுகி, மூத்திரம் காபி நிறத்தில் போகும். இதற்குத் ‘திங்கட்கிழமை நோய்’ என்றே பெயர். அப்படி ஆனால் ஓர் அடி கூட நடத்தாமல் அங்கேயே நிறுத்தி, மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

கலப்பையைத் திருத்துவது

ஏர்க்காலின் முன்நுனியில் பல துளைகள் உள்ள ஓர் இரும்புப் பூட்டு இருக்கும். சங்கிலியை மேல் துளையில் மாட்டினால் கலப்பை ஆழமாகப் போகும். கீழே மாட்டினால் மேலேறும். மண்ணை வலப்பக்கம் புரட்டும் கலப்பையில், மாட்டும் இடத்தை வலப்பக்கம் நகர்த்தினால் சால் அகலமாகும். இடப்பக்கம் நகர்த்தினால் குறுகும். ஒரு நேரத்தில் ஒரு துளை மட்டும் மாற்றி, பத்தடி ஓட்டிப் பாருங்கள். இரண்டு கையாலும் மேழியை அழுத்தியே போக வேண்டியிருக்கிறதா? பூட்டு தப்பு என்று அர்த்தம். நான் முதல் நாள் அழுத்திக்கொண்டேதான் போனேன். மேழியை அழுத்தினால் கொழு மேலே வரும், தூக்கினால் உள்ளே இறங்கும். இது நமக்கு மரக்கலப்பையிலிருந்து தலைகீழாகத் தோன்றும்.

முதல் சால்

வயலின் இரு முனையிலும் குதிரைகள் திரும்ப ஏழெட்டு மீட்டர் விடுங்கள். எதிர்முனையில் ஒரு கோல் நட்டு, இரண்டு குதிரைகளின் நடுவே அந்தக் கோலைப் பார்த்துக்கொண்டே நடங்கள். கலப்பையைப் பார்த்தால் சால் பாம்பாகும். இந்த முதல் ஓட்டத்தை மேலாகவே ஓட்டுங்கள். திரும்பி வரும்போது மண் முதல் சாலின் மேல் விழ, நடுவில் ஒரு சிறு மேடு உருவாகும். பிறகு அந்த மேட்டை வலப்பக்கம் வைத்துச் சுற்றிச் சுற்றி வந்தால் போதும்.

இனி வலத்துக் குதிரை சாலுக்குள் நடக்கும், இடத்துக் குதிரை உழாத தரையில். சாலின் சுவர்தான் வழிகாட்டி என்பதால், அனுபவமுள்ள குதிரையை வலப்பக்கம் பூட்டுங்கள். வலப்பக்கம் திரும்ப “ஜீ”, இடப்பக்கம் திரும்ப “ஹா”, நிற்க “வோ”. ஆமிஷ்காரர்கள் வீட்டில் ஜெர்மன் மொழி வகை ஒன்றைப் பேசினாலும் குதிரையிடம் பேசுவது பெரும்பாலும் இந்தச் சொற்களில்தான். நான் முதல் நாள் பதற்றத்தில் “ஹோய், ஹோய்” என்று கத்தினேன். இரண்டும் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தன.

கடிவாள வாரைக் கையில் சுற்றாதீர்கள், இடுப்பில் முடிச்சுப் போடவே கூடாது. ஒரு தோளின் மேலாகவும் மறு கையின் அக்குளுக்குக் கீழாகவும் தளர்வாக விட்டால், விழுந்தாலும் தலையைக் குனிந்து உருவிக்கொள்ளலாம். மேழிகளுக்கு நடுவே விலாவை ஒட்டிக்கொண்டு நடக்காமல், கையைச் சற்று மடக்கி ஓரடி பின்னால் நடங்கள். கல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

ஓரடிச் சாலில் ஒரு ஏக்கர் உழ நீங்கள் நடக்கும் தூரம் 13 கிலோமீட்டருக்கு மேல், திருப்பங்கள் தனி. ஏக்கர் என்ற அளவே ஒரு ஜோடி எருது ஒரு நாளில் உழும் நிலம் என்று பிறந்ததுதான். புதியவர்கள் அதில் கால்வாசி முடித்தாலே நல்ல நாள். இரண்டு மூன்று சுற்றுக்கு ஒருமுறை நிறுத்தி, காலரைத் தோளிலிருந்து சற்றுத் தூக்கி, அடியில் காற்றுப் பட விடுங்கள். நிறுத்தும்போது குதிரைகளின் முகத்தைக் காற்று வரும் பக்கம் திருப்பினால் சீக்கிரம் ஆறும்.

அவிழ்த்த பிறகு

முதலில் தண்ணீர், பிறகு உலர்ந்த புல், உடம்பு ஆறிய அப்புறம்தான் தானியம். தோளை உப்புத் தண்ணீரால் கழுவி, விரலால் அழுத்திப் பாருங்கள். சூடாகவோ வீங்கியோ இருந்தால் மறுநாள் பூட்டாதீர்கள். காலரின் உட்புறத்தில் ஒட்டிய வியர்வையை ஈரத்துணியால் துடைத்து வையுங்கள். காய்ந்தால் அது உப்புக்காகிதம்.

கடைசியாகக் கலப்பை. வளைபலகையில் ஒட்டிய மண்ணைச் சுரண்டி, கிரீஸ் தடவி வையுங்கள். ஒரே இரவில் துரு ஏறினாலும் போதும், மறுநாள் மண் வழுக்கி விழாமல் பலகையிலேயே அப்பிக்கொள்ளும். நான் ஒரு தடவை மறந்துபோய், மறுநாள் காலை முழுக்க செங்கல் துண்டால் தேய்த்துக்கொண்டிருந்தேன். பெரியவர் அந்த நேரத்தில் அரை ஏக்கர் முடித்திருந்தார்.