கருமந்தியைப் படம் பிடிக்க 600 மி.மீ. லென்ஸ் வேண்டாம்

நண்பரிடம் இரவல் வாங்கிய 600 மி.மீ. லென்ஸோடு கோத்தகிரி லாங்வுட் சோலையில் கருமந்தியை (நீலகிரி லங்கூர் குரங்கு) இருநூறு படங்கள் எடுத்தேன். வீட்டில் திறந்து பார்த்தால், மரக்கிளையில் சாம்பல் நிறக் கம்பளியைக் காயப்போட்டதுபோல் இருந்தது. பிறகு என் பழைய 55-250 மி.மீ. லென்ஸிலேயே தேறிய வழி இது. கேமராவைக் கையாளத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் ஷட்டர் வேகம். சோலைக்குள் நடுப்பகலிலும் அந்தி வெளிச்சம்தான். கை நடுக்கம் படத்தில் தெரியாமலிருக்க, லென்ஸின் மி.மீ. எண்ணைக் கீழே போட்டு வரும் வேகமாவது (250-க்கு 1/250 நொடி) வேண்டும். என் கேமராவில் சிறிய சென்சார் என்பதால் 250-ஐ 1.6-ஆல் பெருக்குங்கள்: குறைந்தது 1/400 வேண்டும். அது வரும்வரை ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளியுணர்வு எண்ணை) ஏற்றுங்கள், 3200 ஆனாலும் சரி. புள்ளி விழுந்த படத்தைப் பார்க்கலாம். கலங்கிய படத்தை என்ன செய்வது? லென்ஸிலுள்ள நடுக்கத் தடுப்பு நம் கைக்குத்தான், தாவுகிற மந்திக்கு அல்ல.

அடுத்தது நான் சறுக்கிய இடம். கேமராவின் ஒளிமானி எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். கருமந்தியோ மைக்கறுப்பு, தலைமயிர் மட்டும் பொன்பழுப்பு. அந்தக் கறுப்பு படத்தை நிறைத்தால், இருட்டு என்று நினைத்து கேமரா ஒளியைக் கூட்டும். கறுப்பு சாம்பலாகும், தலைமயிர் வெளுக்கும், ஷட்டர் வேகமும் இறங்கும். லென்ஸ் பெரிதாகப் பெரிதாகக் கறுப்பு அதிகம் நிறையும். இரவல் லென்ஸ் என் தவற்றையும் சேர்த்துப் பெரிதாக்கிவிட்டது. எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமரா கணித்த ஒளியைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் எண்ணை) -1-க்கு இறக்குங்கள். அதே மந்தி உச்சிக் கிளையில் வானத்தை ஒட்டி உட்கார்ந்தால், வான வெளிச்சத்தைக் கண்டு கேமரா ஒளியைக் குறைத்துவிடும்; அப்போது +1. நாள் முழுவதும் ஒரே எண்ணில் விட்டுவிடாதீர்கள்.

உச்சிக் கிளை என்றது சும்மா அல்ல. லேகியத்துக்காக வேட்டையாடப்பட்ட இனம். ஆளைக் கண்டால் மேலே ஏறிவிடும். துரத்தாமல், பழுத்த மரத்தடியில் அசையாமல் நில்லுங்கள்.

ட்ரைபாடை விரிப்பதற்குள் மந்தி அடுத்த மரத்தில் இருக்கும். நடந்து போய் எடுக்கும்போது மரத்தில் தோளைச் சாய்த்துக்கொள்வேன். வண்டியிலிருந்து எடுப்பதென்றால், ஜன்னலில் இரண்டு கிலோ அரிசி கட்டிய மஞ்சப்பையே போதும். முதுமலைச் சாலையில் இது வேண்டாம். அங்கே வண்டியை நிறுத்தவோ இறங்கவோ கூடாது.

பின்சேர்க்கை: பனிமூட்டத்தில் ஆட்டோஃபோகஸ் அலைகிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். மந்தியை விட்டு, அது உட்கார்ந்திருக்கும் கிளையின் விளிம்பில் ஃபோகஸ் செய்யுங்கள். குளிர்ந்த கேமராவோடு நேராக அடுப்படிக்குப் போகாதீர்கள், லென்ஸ் வியர்த்துவிடும். பையை மூடியபடியே ஒரு மணி நேரம் வையுங்கள்.