நாற்பதை நெருங்கும்போது ஆட்டிசம் என்று தெரிந்தால்: நான் செய்த தவறுகள், நீங்கள் தவிர்க்க

எனக்கு 39 வயதில்தான் ஆட்டிசம் என்று உறுதியானது. வீட்டுக்கு வரும் வழியிலேயே போனில் ஒரு பட்டியல் போட்டேன். கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும், போன் வந்தால் உடனே எடுக்க வேண்டும், டீ இடைவேளையில் எல்லோருடனும் நிற்க வேண்டும். ஆட்டிசம் என்று தெரிந்துகொண்டு, ஆட்டிசம் இல்லாதவனாக நடிக்க முன்பைவிடக் கடுமையாகப் பயிற்சி எடுத்தேன். மூன்று மாதத்தில் படுத்துவிட்டேன்.

இதுதான் முதல் தவறு, பலரும் செய்வது. இவ்வளவு தாமதமாகத் தெரியவருகிறது என்றால், பெரும்பாலும் முப்பது வருடம் நன்றாக நடித்திருக்கிறோம் என்று அர்த்தம். யார் எப்போது சிரிக்கிறார்கள் என்று கவனித்து, அரை நொடி கழித்துச் சிரிப்பது. பேசப் போவதை மனசுக்குள் ஒத்திகை பார்ப்பது. சம்பளமில்லாத இந்த இரண்டாவது வேலையைக் குறைக்கத்தான் வழி தேட வேண்டும். நான் அதற்கு ஓவர்டைம் பார்த்தேன்.

அடுத்தது ஆபீஸ். உணர்ச்சிவசப்பட்டு, ஒரு திங்கட்கிழமை காலை மேலாளரிடம் போய் "சார், எனக்கு ஆட்டிசம்" என்றேன். நல்ல மனிதர். "பார்த்தா அப்படித் தெரியலையேப்பா" என்றார். அப்புறம் என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் சொல்லத் தெரியவில்லை. மறுவாரத்திலிருந்து பொறுப்பான வேலைகள் மெல்ல வேறொருவருக்குப் போயின. பெயரைச் சொன்னேனே தவிர, தேவையைச் சொல்லவில்லை.

ஒரு வருடம் கழித்து வேறு மாதிரி கேட்டுப் பார்த்தேன். "மீட்டிங் முடிஞ்சதும் என் பங்கு வேலையை ரெண்டு வரி மெயில்ல போட்டுடுங்க சார்." அன்றைக்கே வந்தது. ஏசி காற்று நேராக முகத்தில் அடிக்கும் இடத்திலிருந்து சுவரோர இருக்கைக்கு மாற ஒரு விண்ணப்பம்கூடத் தேவைப்படவில்லை. "கொஞ்சம் சீக்கிரம் முடிச்சுடுங்க" என்று யாராவது சொன்னால், "செவ்வாய் மூன்று மணிக்குள் போதுமா?" என்று கேட்கிறேன். 'கொஞ்சம் சீக்கிரம்' என்பது மற்றவர்களுக்கு ஒரு தேதி. எனக்கு அது ஒரு புதிர். இவற்றில் எதற்கும் ஆட்டிசம் என்ற சொல் தேவைப்படவில்லை. சொல்லவே கூடாது என்பதில்லை. என்ன வேண்டும் என்று தெரிந்த பிறகு சொல்லுங்கள்.

சட்டம் பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் இருக்கிறது. வேலையில் பாகுபாடு காட்டக் கூடாது, தேவையான வசதி செய்து தர வேண்டும் என்ற 20-ஆம் பிரிவு அரசு நிறுவனங்களைத்தான் நேரடியாகக் கட்டுப்படுத்துகிறது. தனியார் நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை வைத்திருக்க வேண்டும் என்கிறது 21-ஆம் பிரிவு. ஹெச்ஆரிடம் போகுமுன் அந்தக் கொள்கையை வாங்கிப் படித்துவிடுங்கள். இட ஒதுக்கீடு போன்றவற்றுக்கு 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனச் சான்றிதழ் வேண்டும். அது கிடைக்காவிட்டால் உங்களுக்கு ஆட்டிசமே இல்லை என்று ஆகிவிடாது. சான்றிதழ் வேறு, கண்டறிதல் வேறு.

நம் அரசு ஆவணங்களில் ஆட்டிசத்துக்கு 'புற உலகச் சிந்தனையற்ற' என்று ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை வைத்தவரை ஒரு நாள் என்னோடு கல்யாண மண்டபத்துக்குக் கூட்டிப்போக ஆசை. நாதஸ்வரம், மைக், சாம்பார் வாசனை, பட்டுப்புடவைச் சரசரப்பு, பின்வரிசையில் யாரோ ஒருவரின் ரிங்டோன் என்று புற உலகம் மொத்தமும் ஒரே நேரத்தில் உள்ளே வருவதுதான் என் பிரச்சினையே.

சோர்வைச் சோம்பல் என்று கணக்கு எழுதுவது இங்கேதான் தொடங்குகிறது. சனிக்கிழமை கல்யாணம், ஞாயிறு தி.நகரில் கடை, திங்கள் காலை மூளை ஓடாது. "ரெண்டு நாள் லீவுதானே இருந்தது" என்று என்னையே திட்டிக்கொள்வேன். இப்போது கல்யாணத்துக்குப் போனால் மறுநாளைக் காலியாக விட்டுவிடுகிறேன். தாலி கட்டும்போது போய், முதல் பந்தியில் சாப்பிட்டு, கிளம்பிவிடுகிறேன். பசி, தாகம் சரியாக உறைக்காதவர்களும் நம்மில் நிறையப் பேர். எரிச்சல் வந்தால், சாப்பிட்டு எவ்வளவு நேரமாயிற்று என்று முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். மதியச் சாப்பாட்டுக்கு நான் அலாரம் வைத்திருக்கிறேன். வெட்கமெல்லாம் இல்லை.

ஒரு பெயர் கிடைத்ததும் தேடலை நிறுத்திவிடுவதும் தவறுதான். ஆட்டிசமும், கவனம் நிலைக்காமை, துறுதுறுப்பு ஆகியவற்றைக் கொண்ட ஏடிஹெச்டியும் ஒருவருக்கே இருக்கலாம் என்று அமெரிக்க மனநலக் கையேடான டிஎஸ்எம் ஒப்புக்கொண்டதே 2013-இல்தான். அதற்கு முன் ஒன்று மட்டும் சொல்லி அனுப்பப்பட்டவர்கள் மற்றொன்றைப் பற்றியும் மருத்துவரிடம் கேட்கலாம். ஆட்டிசத்தின் அடிப்படைத் தன்மைகளுக்கு மருந்து கிடையாது. ஏடிஹெச்டி, பதற்றம், மனச்சோர்வு இவற்றுக்கு உண்டு.

கடைசியாக, வீட்டில் உள்ள எல்லோரும் நம்ப வேண்டும் என்று அடம்பிடிப்பது. நான் கட்டுரைகளை அச்செடுத்துக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதாகப் படித்தார்.

"இதுல என்னடா இருக்கு? உங்கப்பாவும் இப்படித்தானே?"

ஆட்டிசத்தில் பரம்பரையின் பங்கு பெரியது என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அப்பா கூடத்தில் உட்கார்ந்து, 1987 முதல் ஒன்று விடாமல் வருடவாரியாக அடுக்கி வைத்திருந்த மின்கட்டண ரசீதுகளில் இந்த மாதத்தையதைச் செருகிக்கொண்டிருந்தார்.