கிறிஸ்துமஸ் சந்தைக்கு ஜோடியாகக் கிளம்புகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அக்டோபர் பிறந்தால் போதும், என் போனுக்கு இப்படி ஒரு மெசேஜ் வந்துவிடும்: "அண்ணா, கல்யாணத்துக்கு அப்புறம் முதல் கிறிஸ்துமஸ். நியூரம்பெர்க் வரலாம்னு இருக்கோம். 24 மதியம் வந்து 28 கிளம்புறோம். பிளான் ஓகேவா?" கேள்விக்குறி இருக்கிறதே தவிர அது கேள்வி இல்லை. விமான டிக்கெட், ஹோட்டல் எல்லாவற்றுக்கும் பணம் கட்டி முடித்த பிறகுதான் கேட்பார்கள். நான் ஜெர்மனியில், நியூரம்பெர்க்குக்குப் பக்கத்து ஊரான எர்லாங்கனில் இருக்கிறேன், வந்த புதிதில் இதே கூத்தெல்லாம் அடித்தவன்தான், அதனால் ரொம்பவும் திட்ட முடிவதில்லை.

பாஸ்போர்ட்டை மறக்காதே, ஸ்வெட்டர் எடுத்துக்கொள் மாதிரியான விஷயங்களை இங்கே எழுதவில்லை. அதையெல்லாம் உங்கள் அம்மாவே சொல்லிவிடுவார்.

கிறிஸ்துமஸ் பார்க்க கிறிஸ்துமஸ் அன்று வருவது

எல்லாவற்றிலும் அதிகம் பணம் தின்னும் தவறு இதுதான், இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவதும் இதற்குத்தான்.

ஜெர்மனியில் ஊர் கூடிக் கொண்டாடுவது அட்வென்ட் காலத்தை, அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளை ஒட்டிய நாட்களை. கிறிஸ்துமஸ் வந்துவிட்டால் ஊர் வீட்டுக்குள் போய்விடும். நீங்கள் பார்க்க வரும் நியூரம்பெர்க் கிறிஸ்துமஸ் சந்தை முதல் அட்வென்ட் ஞாயிறுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை தொடங்கி டிசம்பர் 24 மதியம் 2 மணிக்கு முடிகிறது. 2 மணிக்கு முடிகிறது என்றால் 2 மணிக்கு முடிகிறது, நம்மூர் பொருட்காட்சி மாதிரி கூட்டத்தைப் பார்த்து இன்னும் ரெண்டு நாள் நீட்டிக்க மாட்டார்கள். கொலோன் கதீட்ரல் முன்னால் போடும் சந்தை 23-ஆம் தேதியோடு சரி.

24 சாயங்காலம்தான் இவர்களுக்கு உண்மையான கிறிஸ்துமஸ். குடும்பம் மொத்தமும் மரத்தடியில் உட்கார்ந்து பரிசைப் பிரிக்கும், பல வீடுகளில் அன்றைய ராச்சாப்பாடு வெறும் உருளைக்கிழங்கு சாலட்டும் சாசேஜும்தான். கடைகள் அன்று மதியம் 2 மணிக்கு மூடியாக வேண்டும் என்பது சட்டம். 25, 26 இரண்டும் அரசு விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை என்றைக்குமே கடை கிடையாது. இப்போது 2026 காலண்டரை எடுத்துப் பாருங்கள்: 25 வெள்ளி, 26 சனி, 27 ஞாயிறு. வியாழன் மதியம் இழுத்து மூடிய சூப்பர்மார்க்கெட் திங்கள் காலையில்தான் திறக்கும். ரயில் நிலையத்துக்குள் இருக்கும் சில கடைகள்தான் கதி.

ஒரு ஜோடிக்கு ஏதோ ஒரு டிராவல் ஏஜென்ட் 'கிறிஸ்துமஸ் ஸ்பெஷல்' என்று 24-லிருந்து 28 வரை பேக்கேஜ் விற்றிருந்தார். அந்தப் பெண் சந்தையில் போட்டோ எடுப்பதற்கென்றே சிவப்பு கோட் வாங்கி வந்திருந்தாள். நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும் ஊர் இது, அவர்கள் ஐந்து மணிக்குச் சந்தை நடக்கும் ஹௌப்ட்மார்க்ட் சதுக்கத்துக்குப் போனால், சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட கூரைகள் மட்டும் நிற்கின்றன, எல்லாக் கடையும் பலகை போட்டுச் சாத்தியிருக்கிறது. "அண்ணா, ஊர்ல மனுஷங்களே இல்ல, ஏதாவது பிரச்சினையா?" என்று பையன் போன் செய்தான். பிரச்சினை ஒன்றும் இல்லைப்பா, எல்லாரும் வீட்டில் இருக்கிறார்கள். அவர்கள் முன்பதிவு செய்திருந்த உணவகமும் அன்று ராத்திரி திறக்கவில்லை. கடைசியில் எங்கள் வீட்டுக்கு வரச் சொல்லி ரசமும் அப்பளமும் போட்டோம். அந்த ஏஜென்டிடம் கேட்டதற்கு, "சார், கிறிஸ்துமஸ் பேக்கேஜ்னா கிறிஸ்துமஸ் தேதியிலதானே தர முடியும்" என்றாராம். லாஜிக் சரிதான், என்ன சொல்வது.

இதில் கொடுமை என்னவென்றால், வருடத்திலேயே விமான டிக்கெட் விலை உச்சத்தில் இருக்கும் வாரம் அது. உச்ச விலை கொடுத்து மூடிய ஊரைப் பார்க்க வருகிறோம். அதே ஜோடி டிசம்பர் முதல் வாரத்தில் வந்திருந்தால் டிக்கெட்டும் குறைவு, சந்தையும் முழுசாக இருந்திருக்கும்.

ஆபீஸில் 24-க்கு அப்புறம்தான் லீவு தருவார்கள் என்றால் ஊரை மாற்றுங்கள். வியன்னாவில் நகரசபை முன்னால் நடக்கும் பெரிய சந்தை 26 வரை இருக்கும், ஷோன்ப்ருன் அரண்மனைச் சந்தை புத்தாண்டு தாண்டியும் ஓடும். ப்ராக் பழைய நகரச் சதுக்கத்தில் ஜனவரி 6 வரை போடுவார்கள். ஆனால் அங்கேயும் 24 ராத்திரி அடங்கித்தான் கிடக்கும், சாப்பாட்டுக்கு இடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், அன்றைக்குத் திறப்பார்களா என்று மெயிலில் கேட்டு பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏற்கனவே டிக்கெட் போட்டாயிற்றா? சரி, 23-க்கு மாற்ற முடியுமா பாருங்கள், ஒரு நாள் போதும். 24 காலை 10 மணிக்கே சந்தைக்குப் போய்விடுங்கள், 2 மணிக்குள் ரொட்டி, பழம், தண்ணீர் வாங்கி அறையில் வையுங்கள். சாயங்காலம் செயின்ட் லோரென்ஸ் தேவாலயத்திலோ செயின்ட் செபால்ட் தேவாலயத்திலோ ஆராதனைக்குப் போய் உட்காருங்கள், எந்த மதமாக இருந்தாலும் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள், ஊர் ஜனத்தை அன்று ஒன்றாகப் பார்க்கக் கிடைக்கும் ஒரே இடம் அதுதான். 25, 26 மதியம் நல்ல உணவகங்கள் சில திறந்திருக்கும், குடும்பம் குடும்பமாக வாத்துக் கறி சாப்பிட வருவார்கள். நவம்பரிலேயே மேஜை பிடிக்காவிட்டால் கிடைக்காது.

தொடக்க விழாவுக்கே வருவது

சுருட்டைப் பொன்முடியும் கிரீடமுமாக, கிறிஸ்ட்கிண்ட் (இங்கே குழந்தைகளுக்குப் பரிசு கொண்டுவருவதாகச் சொல்லும் தேவதை மாதிரியான உருவம்) வேடமிட்ட ஓர் இளம்பெண் ஃப்ரௌயன்கிர்ஹே தேவாலயத்து மாடத்தில் நின்று சந்தையைத் திறந்துவைப்பாள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இதற்கென்று ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அழகான விழாதான், மறுக்கவில்லை. ஆனால் சதுக்கத்தில் அன்று காலூன்ற இடம் இருக்காது, ஜோடியாக வந்தவர்கள் ஒருவரையொருவர் தேடிக்கொண்டுதான் இருப்பார்கள். அட்வென்ட் சனிக்கிழமைகளும் அப்படியே. டிசம்பர் 8 ஆஸ்திரியாவிலும் இத்தாலியிலும் விடுமுறை, அதை ஒட்டிய நாட்களில் பேருந்து பேருந்தாக வந்து இறங்குவார்கள், இதை எந்த ஏஜென்டும் சொல்லி நான் கேட்டதில்லை.

திங்கள் முதல் வியாழன் வரை வாருங்கள். சாயங்காலம் விளக்கு ஏற்றியதும் நாலரை மணிக்குப் போய்விட்டால், ஆபீஸ் விட்டு க்ளூவைன் (மசாலா போட்ட சூடான ஒயின்) குடிக்கக் கும்பல் கும்பலாக வருகிறவர்களுக்கு முன்னால் ஒரு மணி நேரம் நிம்மதியாகச் சுற்றலாம்.

நாலு நாளில் மூன்று தலைநகரம்

ப்ராக், வியன்னா, புடாபெஸ்ட். எல்லா ஊரிலும் அதே மரவீட்டுக் கடை, அதே க்ளூவைன், மிச்ச நேரம் ரயில் நடைமேடையில் பெட்டியை இழுத்துக்கொண்டு ஆளுக்கொரு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வது. டிசம்பரில் பகல் வெளிச்சமே எட்டு மணி நேரம்தான். ஓர் ஊரில் தங்கி, பக்கத்து ஊர் ஒன்றுக்குப் போய்விட்டு ராத்திரி திரும்புங்கள். நியூரம்பெர்க்கிலிருந்து பாம்பெர்க் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும், ஆற்றின் நடுவில் கட்டிய பழைய நகரசபைக் கட்டடம் ஒன்றுக்காகவே போகலாம்.

பனி பெய்யும் என்ற நம்பிக்கை

பெரும்பாலும் மழைதான்.

ஃபேஷன் காலணி

கடுங்குளிரில் நடக்கும்போது ஒன்றும் தெரியாது, கல் பாவிய தரையில் க்ளூவைன் கோப்பையோடு அசையாமல் நிற்கும்போதுதான் உள்ளங்கால் வழியே குளிர் ஏறும். கோட்டுக்குச் செலவழிக்கும் பணத்தில் பாதியைத் தடித்த அடி வைத்த, தண்ணீர் புகாத பூட்ஸுக்குப் போடுங்கள். ஹீல்ஸ் கல் இடுக்கில் மாட்டும், அவ்வளவுதான்.

கார்டை நம்பி வருவது

ஐந்து, பத்து யூரோ தாள்கள் வைத்துக்கொள்ளுங்கள். கோப்பைக்குத் தனியாக டெபாசிட் வாங்குவார்கள், திருப்பிக் கொடுத்தால் பணம் வரும், பிடித்திருந்தால் கோப்பையையே வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.

சைவம் என்றால் பட்டினி என்று நினைப்பது

ரொட்டிக்குள் மூன்று குட்டி சாசேஜ் வைத்துத் தருவதுதான் இந்த ஊர் அடையாளம், அது பன்றி இறைச்சி. அது வேண்டாதவர்களுக்கு ஆப்பிள் கூழோடு தரும் உருளைக்கிழங்கு அடை, சுட்ட செஸ்ட்நட், சர்க்கரைப் பாகில் வறுத்த பாதாம் எல்லாம் கிடைக்கும். லேப்கூகன் என்கிற மசாலா பிஸ்கட் வாங்கும்போது கவனம், முட்டை இருக்கும். மது வேண்டாம் என்றால் கிண்டர்புன்ஷ் என்று கேளுங்கள், அதே சூடு, அதே பட்டை கிராம்பு வாசனை.

சர்ப்ரைஸ் ட்ரிப்

மனைவிக்குத் தெரியாமல் எல்லாம் ஏற்பாடு செய்து விமான நிலையத்தில் சொல்லலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் உண்டு. ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு அவரே வந்து கைரேகை வைக்க வேண்டும், படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். முன்பு கொடுத்த கைரேகை 59 மாதம் வரைதான் செல்லும். ஆக, ஊரை மறைக்கலாம், கண்டத்தை மறைக்க முடியாது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால் டிசம்பர் பயணத்துக்கு ஜூனிலேயே ஆரம்பிக்கலாம், குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் கட்டாயம். சாதாரணமாக 15 நாளில் முடிவு சொல்வார்கள், சில நேரம் 45 நாள் வரை இழுக்கும். அக்டோபரில் எனக்கு மெசேஜ் அனுப்புகிறவர்களில் பாதிப் பேர் அதற்கு அப்புறம்தான் விசாவுக்கு நாள் தேடவே ஆரம்பிக்கிறார்கள்.